செம்பருத்தியின் முன்வாசலும் பின்வாசலும்

கண்ணா, உன் வீட்டுத் தோட்டத்தில் செம்பருத்திச் செடி இருக்கிறதா? இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டு ஒரே ஒரு பூ வாங்கி வா. அடுக்குச் செம்பருத்தி வேண்டாம். ஐந்து இதழ் உள்ள சாதாரணச் சிவப்புப் பூதான் வேண்டும். பூஜைக்குப் பறிக்கிற பூவாயிற்றே என்று பாட்டி தயங்கினால், அறிவியல் படிக்க என்று சொல். உடனே கொடுத்துவிடுவார்.

பூ கைக்கு வந்துவிட்டதா? பார்க்கலாம். நடுவிலிருந்து ஒரு நீண்ட தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி மஞ்சள் மஞ்சளாகக் குட்டி உருண்டைகள். அவை மகரந்தப் பைகள். விரலால் தொட்டால் மஞ்சள் தூள் ஒட்டும். தண்டின் நுனியில் ஐந்து சிவப்புப் பொட்டுகள் தெரிகின்றனவா? அவை சூலகமுடிகள். மகரந்தத் தூள் அங்கே போய் ஒட்டினால்தான் விதை உண்டாகும்.

சரி, இந்தப் பூவில் தேன் எங்கே இருக்கிறது? யோசித்துச் சொல்.

இதழில் இல்லை. தண்டிலும் இல்லை. இதழ்களை மெல்ல இழுத்து எடுத்துவிடு. அடியில் ஒரு பச்சைக் கிண்ணம் மிஞ்சும். அதன் உட்புறத்தைத் தொட்டுப் பார், பிசுபிசுக்கும். அங்கேதான் ஊறுகிறது. பூவில் ஊறுவது தண்ணீராக இருக்கிற இனிப்பு நீர். தேனீ அதைக் கூட்டுக்குக் கொண்டுபோய் வற்றவைத்த பிறகுதான் நாம் தொட்டுச் சாப்பிடும் தேன் ஆகிறது. இட்லிப்பூவின் நரம்பை உருவி நாக்கில் வைத்து உறிஞ்சியிருக்கிறாய் அல்லவா? அதே இனிப்பு நீர்தான். (மருந்து அடித்த செடியில் மட்டும் அந்த விளையாட்டு வேண்டாம்.)

இனிப்பைக் கொண்டுபோய் இவ்வளவு ஆழத்தில் ஏன் ஒளித்து வைத்திருக்கிறது? அதை எடுக்க வருகிறவர் தண்டில் உரசிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும் என்பதற்காக! உரசினால் மகரந்தம் தலையில் ஒட்டும். அடுத்த பூவுக்குப் போனால் அங்கே உள்ள சூலகமுடியில் பட்டுவிடும். பூவால் நடக்க முடியாது. அதனால் நடமாடுகிற ஒருவருக்குத் தேனைக் கூலியாகக் கொடுத்து வேலை வாங்குகிறது.

அந்த ஆள் யார் தெரியுமா? காலையில் "ட்சிப் ட்சிப்" என்று விடாமல் கத்திக்கொண்டு உன் தோட்டத்துக்கு வருகிறதே, தேன்சிட்டு, அதுதான். தமிழ்நாட்டுத் தோட்டங்களில் மிகுதியாகத் தென்படுவது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. நீளம் பத்து சென்டிமீட்டர்கூட இருக்காது. எடை ஏறத்தாழ ஒரு பத்து ரூபாய் நாணயம் அளவுதான். அலகு மெல்லியது, கீழ்நோக்கி வளைந்தது. அதற்குள்ளிருந்து குழாய் வடிவ நாக்கை நீட்டிப் பூந்தேனை எடுக்கும்.

ஆண் சிட்டின் தொண்டை ஊதா, உச்சந்தலை பச்சை, வயிறு மஞ்சள். வெயிலில் திரும்பினால் ஊதாவும் பச்சையும் பளீரென்று மின்னும். நிழலுக்குப் போனால் கறுத்துவிடும். ஏன்? வயிற்று மஞ்சள் சாயத்தால் வந்தது. ஆனால் மினுமினுப்பு அப்படியல்ல. இறகுக்குள் கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய அடுக்குகள் இருக்கின்றன. ஒளி அவற்றில் பட்டுச் சிதறித் திரும்பும்போது சில நிறங்கள் மட்டும் கூடி வலுக்கின்றன. சோப்புக் குமிழியில் நிறம் ஓடுவதும் இதே முறையில்தான். குமிழியில் சாயம் எதுவும் கலக்கவில்லை, இல்லையா? பெண் சிட்டுக்கு இந்த மினுமினுப்பு இல்லை. அது ஏன் நல்லது என்று பிறகு உனக்கே புரியும்.

செம்பருத்தி ஏன் சிவப்பு? இதைக் கேட்கத் தோன்றியிருந்தால் நீ கெட்டிக்காரப் பிள்ளை.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு கார்ல் வான் ஃபிரிஷ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி தேனீக்களுக்கு ஒரு சோதனை வைத்தார். வண்ண அட்டைகளையும் வெளிறியதும் அடர்ந்ததுமான பல சாம்பல் நிற அட்டைகளையும் பரப்பினார். நீல அட்டைமேல் சர்க்கரைத் தண்ணீர் வைத்துப் பழக்கினால், தண்ணீர் இல்லாதபோதும் தேனீக்கள் நீல அட்டையைத் தேடி வந்தன. சிவப்பு அட்டையில் பழக்கியபோதோ திண்டாடின. சிவப்பையும் கருஞ்சாம்பலையும் அவற்றால் பிரித்தறிய முடியவில்லை. தேனீக்களை ஆராய்ந்த அவருக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது.

பறவைக்கோ சிவப்பு நன்றாகத் தெரியும். பச்சை இலைகளுக்கு நடுவே தூரத்திலிருந்தே கண்டுகொள்ளும். அதனால் பறவைகளை நம்பியிருக்கிற பூக்களில் பல சிவப்பாக இருக்கின்றன. தேனீ சிவப்புப் பூவுக்கு வரவே வராது என்று நினைத்துவிடாதே, வரும். ஆனால் அது கண்டுபிடிக்கச் சிரமப்படும்.

இப்போது செம்பருத்தியை முகர்ந்து பார். வாசனை உண்டா? இல்லை. சாயங்காலம் மல்லிகைக்குப் பக்கத்தில் போய் நில். பவளமல்லிக்குப் பக்கத்தில் நில். ஊரையே கூப்பிடும் வாசனை! இரவில் சிவப்பு எடுபடாது. வெள்ளையும் வாசனையும்தான் எடுபடும். அவை கூப்பிடுவது இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை. ஒரு பூவின் நிறத்தையும் மணத்தையும் விரிகிற நேரத்தையும் பார்த்தாலே அது யாரை எதிர்பார்க்கிறது என்று ஓரளவு ஊகித்துவிடலாம். புரிகிறதா?

புரிந்தது என்றால் இனி ஒரு திருட்டைப் பார்க்கலாம். செம்பருத்தி காலையில் விரிந்து, பெரும்பாலும் மாலைக்குள் சுருங்கிவிடும். அதனால் காலையிலேயே செடிக்குச் சற்றுத் தள்ளி அசையாமல் உட்கார். தேன்சிட்டு வந்தால் எந்தப் பக்கமாக அலகை நீட்டுகிறது என்று கவனி. சில சமயம் முன்வாசல் வழியாக உள்ளே தலையை விடும். அப்போது அதன் நெற்றியில் சந்தனம் இட்டதுபோல் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும். ஆனால் பல சமயம் அப்படிச் செய்யாது. காம்பில் உட்கார்ந்து, பூவின் அடியில் அலகால் ஒரு குத்து! பின்வாசல் வழியாகத் தேன் போய்விடும். மகரந்தம் ஒரு துளிகூட ஒட்டாது. கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்யாத ஆள்! விஞ்ஞானிகளும் இதைத் தேன் கொள்ளை என்றுதான் சொல்கிறார்கள்.

பாவம் செம்பருத்தி, விதை பிடிக்காதே என்று வருத்தமா? செம்பருத்தியில் காய் பார்த்திருக்கிறாயா? அதன் உறவுக்காரர்களான வெண்டையும் பருத்தியும் பூவரசும் காய்க்கின்றன. வெண்டைப் பூவையும் செம்பருத்திப் பூவையும் பக்கத்தில் வைத்துப் பார், சாடை அப்படியே இருக்கும். தோட்டச் செம்பருத்தி மட்டும் அபூர்வமாகத்தான் காய்க்கும். பல தலைமுறைகளாக மனிதர்கள் கிளையை வெட்டி நட்டே வளர்த்து வருகிற செடி அது.

மாமரத்துப் புல்லுருவியின் கதை இன்னும் வேடிக்கை. புல்லுருவி மாமரக் கிளையில் ஒட்டிக்கொண்டு மரத்தின் தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சி வளரும். சில வகைப் புல்லுருவிகளின் மொட்டு முற்றினாலும் தானாக விரியாது. தேன்சிட்டோ, அதைவிடச் சின்னதான பூங்கொத்தியோ வந்து நுனியை அலகால் மெல்ல அழுத்த வேண்டும். டப்! மொட்டு வெடித்துத் திறந்து பறவையின் முகத்தில் மகரந்தத்தைத் தூவும். பழுத்த பிறகு பூங்கொத்தி அந்தப் பழத்தை விழுங்கும். விதை சீக்கிரமே பசையோடு வெளியே வரும். சும்மா விழாது, ஒட்டும். பூங்கொத்தி கிளையில் தேய்த்துத்தான் அதை உதறும். தேய்த்த இடத்தில் புதுப் புல்லுருவி முளைக்கும்! மாமரத்துக்காரர் புல்லுருவியைக் கண்டால் வெட்டிப்போடுவார். அவர் கோபமும் நியாயம்தான். ஆனாலும் இரண்டு கிளைகளில் விட்டுவைத்தால் நமக்கு வேடிக்கை பார்க்கக் கிடைக்கும் என்பது என் ஆசை. பறவையியல் அறிஞர் சாலிம் அலியும் பூக்களை நாடும் பறவைகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

அடுத்து நீ கேட்கப்போவது எனக்குத் தெரியும். "மாமா, நிறையப் பூச்செடி வைத்தால் நிறையத் தேன்சிட்டு வருமா?"

வரும். ஆனால் தங்குமா? அதுதான் கேள்வி. பூந்தேனில் சர்க்கரையும் தண்ணீரும்தான் அதிகம். பறப்பதற்கு அது போதும். குஞ்சு வளர்வதற்குப் போதாது. குஞ்சுக்குப் புரதம் வேண்டும். அதனால் அம்மாச் சிட்டும் அப்பாச் சிட்டும் சின்னப் புழு, பூச்சி, சிலந்தி எல்லாம் பிடித்து வந்து ஊட்டும். இலையெல்லாம் பளபளவென்று, ஒரு ஓட்டைகூட இல்லாமல், மருந்து அடித்த தோட்டம் இருக்கிறதே, அது நம் கண்ணுக்கு அழகு. சிட்டுக் குடும்பத்துக்கு அங்கே சாப்பாடு கிடையாது.

சிலந்தி சாப்பாடு மட்டுமல்ல, கூடு கட்ட நூல் கொடுப்பதும் அதுதான். தேன்சிட்டின் கூடு ஒரு கிளை நுனியிலோ வீட்டு முகப்பில் தொங்கும் கம்பியிலோ பை மாதிரி தொங்கும். நார், காய்ந்த இலை, மரப்பட்டைத் துணுக்கு எல்லாவற்றையும் பெண் சிட்டு ஒட்டடையால் கட்டும். சிலந்தி நூல் மெல்லியது, ஆனால் வலுவானது. இழுத்தால் நீளவும் செய்யும். காற்றில் ஆடுகிற கூட்டுக்கு இதைவிட நல்ல நூல் ஏது? வெளிப்பக்கம் புழுவின் எச்சத்தைக்கூட ஒட்டிவைக்கும். பார்த்தால் ஏதோ குப்பை சிக்கியிருக்கிறது என்றுதான் தோன்றும். உள்ளே மெத்தென்று பஞ்சு. வாசலுக்கு மேலே மழைக்கு ஒரு சின்னத் தாழ்வாரம். பெரும்பாலும் இரண்டு முட்டைகள், பொரிக்கச் சுமார் இரண்டு வாரம். அடைகாப்பது பெண் சிட்டு. அதற்கு மினுமினுப்பு இல்லாதது நல்லது என்றேனே, காரணம் இப்போது தெரிந்ததா?

ஆகவே பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது வீட்டுக்குள் நன்றாக அடி. தோட்டத்து மூலையை மட்டும் விட்டுவிடும்படி அம்மாவிடம் கேட்டுப் பார்.

செம்பருத்தி நடுவது எளிது. மழைக்காலத் தொடக்கத்தில் பென்சில் தடிமனுள்ள கிளையில் ஒரு சாண் நீளம் வெட்டிக்கொள். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டு. அடியில் உள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி நடு. நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொள். சில வாரங்களில் துளிர்க்கும். மொட்டைமாடித் தொட்டியிலும் வளரும். அடுக்குச் செம்பருத்தியில் பெரும்பாலான மகரந்தத் தண்டுகள் இதழ்களாக மாறிவிட்டன. அதில் சிட்டு வழி தேடித் தடுமாறும். ஒற்றை இதழ்ச் செடியே மேல். கூடவே இட்லிப்பூ, மாதுளை, கல்வாழை. கொல்லையில் இடமிருந்தால் ஒரு வாழை. வாழைப்பூவுக்கும் தேன்சிட்டு வரும்.

மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவு. அதற்கும் அடங்காவிட்டால் கொஞ்சம் வேப்பெண்ணெய், அவ்வளவுதான். அகலமான மண்தட்டில் விரல் ஆழத்துக்குத் தண்ணீர் வைத்து, ஒரு கல்லையும் போடு. கொசு முட்டையிடாமலிருக்கத் தினமும் தண்ணீரை மாற்று. தேன்சிட்டுக்கு அந்தத் தட்டைவிட நனைந்த வாழையிலைதான் அதிகம் பிடிக்கும். இலைமேல் உருண்டு புரண்டு குளிக்கும்.

சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா என்று கேட்காதே. நம் ஊர் வெயிலில் அது சீக்கிரம் புளித்துவிடும். பூச்செடி இருக்கும்போது அது தேவையும் இல்லை. இன்னொன்று: படங்களில் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும் ஹம்மிங்பேர்ட் பார்த்திருப்பாய். அது அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழும் பறவை. நம் தேன்சிட்டும் கொஞ்ச நேரம் படபடத்து நிற்கும், ஆனால் பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்துதான் குடிக்கும். இரண்டும் நெருங்கிய உறவும் அல்ல.

உன் தோட்டத்துக்கு வருவது எந்தச் சிட்டு? வயிறு மஞ்சளாக இருக்கும் ஆண் என்றால் பெரும்பாலும் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. உடல் முழுவதும் கருநீலமாக மின்னினால் ஊதாத் தேன்சிட்டு. அதுவும் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அந்தக் கோலத்தைக் கலைத்துவிட்டு மங்கிப்போகும். நெஞ்சில் நடுவே ஒரு கருங்கோடு மட்டும் மிஞ்சும். அலகு மிக நீளமாக, நன்றாக வளைந்திருந்தால் லோட்டன் தேன்சிட்டு. இலங்கையின் கடலோரம் டச்சுக்காரர் வசம் இருந்தபோது, 1752 முதல் 1757 வரை அங்கே ஆளுநராக இருந்த லோட்டனின் பெயர் அது. அந்த ஊர்ப் பறவைகளை ஓவியமாக வரைய வைத்தவர் அவர்.

கடைசியாக, வாசலில் நிறுத்திய வண்டியின் கண்ணாடியை ஒரு சிட்டு கொத்திக்கொண்டே இருந்தால் பயப்படாதே. அதற்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் சிட்டு தன் இடத்தில் இன்னொரு ஆணை விடாது. கண்ணாடிக்குள் இருப்பது தானே என்று அதற்குத் தெரியாது. எதிரியும் சளைக்காமல் திருப்பிக் கொத்துகிறானே, எப்படி விடும்? இப்படியே களைத்துப் போகும். வண்டி நிற்கும் நேரத்தில் கண்ணாடிக்கு ஒரு பழைய காலுறையை மாட்டிவிடு. மறக்காமல், அப்பா வண்டியை எடுப்பதற்கு முன் கழற்றிவிடு.