கழுநீர்ப் பானை

தமிழ்ப் பகுதிக்குக் கட்டுரை வரைய வந்த மாணவன் கழுநீரைப் பொருளாகக் கொண்டான் என்றவுடன், செங்கழுநீர் மலரைப் பற்றியது போலும் என எண்ணி இப்பக்கத்தைத் திறந்த அன்பர்கள் பொறுத்தருள்க. யான் கூறப் புகுவது அரிசி கழுவிய நீரையும் அதனைத் தாங்கும் பானையையுமே. எங்கள் ஊர்ப்புறத்தார் அச்சொல்லைக் 'கழனித்தண்ணி' எனத் திரித்து வழங்குவர்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசற்காடு வானத்தை நோக்கி வாழும் நிலம். அங்குள்ள குமாரலிங்கபுரத்தில், என் அப்பத்தாவின் வீட்டுப் புறக்கடையில், தொழுவத்தை ஒட்டி மூன்று கற்களின்மேல் ஒரு பெரிய மண்பானை அமர்ந்திருக்கும். அரிசி கழுவிய நீர், வடித்த கஞ்சி, கத்தரிக்காய்க் காம்பு, கீரைத்தண்டு, வாழைப்பழத் தோல் ஆகிய அடுப்படிக் கழிவெல்லாம் அதனுட் செல்லும். மாலையில் தவிடும் பிண்ணாக்கும் கலந்து பசுவுக்கு வைப்பார்கள். கோடையில் நீரைக் குடக் கணக்கில் எண்ணிச் செலவிடும் அவ்வூரில், ஒருமுறை பயன்பட்ட நீரைத் தெருவில் ஊற்றுதல் பெருங்குற்றம்.

மேல்நாட்டார் இவ்வேலைக்கு ஒரு பொறி செய்துள்ளனர். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ரேசீன் நகரிலே கட்டடக் கலைஞராய் இருந்த ஜான் ஹேம்ஸ் என்பார் 1927ஆம் ஆண்டில் அதனை அமைத்தார். 1935இல் காப்புரிமை பெற்றார். 1938இல் அதனைச் செய்து விற்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியிற் பொருத்தப்படும் அப்பொறியுள் கத்தி இருக்கும் எனப் பலர் கருதுவர், இல்லை. சுழலும் தட்டொன்று கழிவை ஓரத்துக்கு வீச, அங்குள்ள துளையிட்ட வளையத்தில் உராய்ந்து அது கூழாகிச் சாக்கடைக்குள் ஓடும். குளிர்ந்த நீர் விட்டே அரைத்தல் வேண்டும். சுடுநீர் விட்டால் உருகிய கொழுப்பு குழாயுள் நெடுந்தூரம் சென்று உறைந்து அடைத்துவிடும். நாற்றம் போக்கப் பனிக்கட்டியும் எலுமிச்சைத் தோலும் இட்டுச் சுழற்றுவர். நியூயார்க் நகரின் பெரும்பகுதியில், சாக்கடைகள் தாங்கா என அஞ்சி, 1997 வரை இதனைத் தடுத்து வைத்திருந்தனர். ஊற்ற நீரும் வாங்கிச் செல்லச் சாக்கடையும் உள்ள ஊருக்கே அது பொருந்தும். இரண்டும் இல்லாத ஊரிற் பானையே பொறி. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. இரும்புப் பொறி அடைத்து நின்றால், அதன் அடியிலுள்ள துளையிற் சாவியை நுழைத்துத் திருப்பி மீண்டும் ஓட்டலாம். பானையின் அரைக்கும் உறுப்போ பசுவின் வயிறு.

நான்கு ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்து பிறந்த பண்டிகையன்று அவ்வீட்டில் விருந்து நடந்தது. மாலையில் அண்டாவிற் பாதிச் சோறு மிஞ்சிற்று. எறிதல் பாவம் என எண்ணி, யானே அதனை முழுவதும் கழுநீர்ப் பானையிற் கொட்டிப் பசுவின் முன் வைத்தேன். அப்பத்தா அப்பொழுது வாசலில் விருந்தினரை வழியனுப்பிக்கொண்டிருந்தார். பசு அத்தனையும் ஆவலோடு தின்றது. மறுநாட் காலையில் அது அசை போடவில்லை. இடப்பக்கத்து வயிறு உப்பி, பற்களை நறநறவெனக் கடித்து, தலையைத் தொங்கவிட்டு நின்றது, நண்பகலிற் படுத்துவிட்டது. கால்நடை மருத்துவர் வந்து மருந்து ஏற்றினார். முதல் நாள் இரவே அழைத்திருக்க வேண்டும் என்றார். மூன்றாம் நாள் அது இறந்தது. அப்பத்தா என்னை வையவில்லை. "வாயில்லாச் சீவன்ய்யா, போதும்னு அதுக்குச் சொல்லத் தெரியுமா?" என்று மட்டும் கூறினார்.

சோறு எங்ஙனம் நஞ்சாயிற்று? பசுவின் வயிறு நான்கு அறைகளை உடையது. முதல் அறையாகிய அசையூண் வயிற்றில் எண்ணிறந்த நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வைக்கோலையும் சோளத்தட்டையையும் மெல்ல நொதிக்கச் செய்து பசுவுக்கு உணவாக்குபவை அவையே. மாவுப்பொருள் மிகுந்த சோறு ஒருங்கே வந்து வீழ்ந்தால், மாவை விரைந்து உண்ணும் வேறுவகை நுண்ணுயிர் பெருகி, லாக்டிக் அமிலத்தை மிகுதியாய்ச் சுரக்கின்றது. அவ்வமிலத்தால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. உடம்பின் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகின்றது. அமிலம் குருதியிலும் கலக்கின்றது. பொங்கலை அடுத்த நாட்களிலும் கால்நடை மருத்துவர்கள் இந்நோயைக் காண்பதுண்டு. சமையற்சோடாவை நீரிற் கரைத்துப் புகட்டுதல் அமிலத்தைச் சிறிது தணிக்கும். ஆயின் அது மருத்துவர் வரும்வரைக்கே.

இன்னொன்று. ஆடு உதட்டால் தெரிந்தெடுத்து உண்ணும், பசு அவ்வாறன்று. நாவாற் சுருட்டி, சரிவர மெல்லாமலே விழுங்கி, பின்னர் அசை போடும். எனவே காய்த்தோலுடன் பாலிதீன் பை கிடப்பின் அதுவும் உட்செல்லும். சென்ற பை செரிப்பதுமில்லை, எளிதில் வெளியேறுவதுமில்லை. ஆண்டுக்கணக்கிற் சேர்ந்து வயிற்றை நிறைத்துக்கொள்ளும். ஊசியும் கம்பித்துண்டும் இதனினும் கொடியன. அவை இரண்டாம் அறையில் தங்கி, அதனை அடுத்துள்ள நெஞ்சப்பையையே துளைத்துவிடுவதுண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாட்டரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. பைகளோ இன்னும் புறக்கடைக்கு வந்தவண்ணமே உள்ளன. ஆதலின், பானைக்குள் எதனையும் பையோடு கவிழ்த்தலாகாது. கையால் எடுத்துப் பார்த்தே இடுதல் வேண்டும்.

இனிப் பானையைத் துலக்கும் முறை. மண்பானை நுண்துளை உடையது. புளிப்பை உள்ளே வாங்கிக்கொள்ளும். ஆதலின் நாள்தோறும் அதனை முற்றும் ஒழித்து, தேங்காய் நாரும் சாம்பலும் கொண்டு உட்புறம் தேய்த்து, சிறிது நீரால் அலசி, வெயிலிற் கவிழ்த்தல் வேண்டும். கழுத்தின் உள்வளைவை விரலால் தடவிப் பார்க்க. வழவழப்பு இருப்பின் தேய்த்தது போதாது என்க. எங்கள் ஊரில் வெயிலுக்கு மட்டும் பஞ்சம் இல்லை! இரு பானைகளை வைத்து மாறி மாறிக் காயவிடுதல் நன்று. சிமெண்டுத் தொட்டியாயின் வாரம் ஒருமுறை காயவிட்டுச் சுண்ணாம்பு பூசலாம். மூடியின்றி விட்டால் பல்லி வீழும், ஈ மொய்க்கும். பூசணம் பூத்த சோற்றையோ பிண்ணாக்கையோ சிறிதும் சேர்த்தலாகாது. பூசணம் சிலவற்றின் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு பசுவைக் கெடுப்பதோடு நில்லாது பாலிலும் இறங்குகின்றது.

பாத்திரம் கழுவிய நீரையும் பானையில் ஊற்றுவது பழைய வழக்கம். சாம்பலும் புளியும் கொண்டு துலக்கிய காலத்தில் அது பொருந்திற்று. சவர்க்காரத் தூளும் சவர்க்கார நீர்மமும் வந்தபின் அது தகாது; அந்நீரை வாழையின் பாத்திக்கு விட்டுவிடலாம்.

எலும்பு, மீன்முள், முட்டையோடு, மிகுந்த வெங்காயத்தோல் ஆகியன பானைக்கு உரியனவல்ல, குப்பைக்குழிக்கு உரியன. வெங்காயம் மிகுதியாகச் சென்றால் பசுவின் குருதிச் சிவப்பணுக்கள் சிதையும். குழியிலும் ஒழுங்கு வேண்டும். ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேயர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து வகுத்த முறையிலே, தழையும் சாணமும் சிறிது மண்ணும் அடுக்கடுக்காய் இட்டு, ஈரம் காத்து, இடையிடையே புரட்டிவிடுவர். ஏறத்தாழ 3 மாதத்தில் எரு ஆயத்தமாகும். மிஞ்சிய சோற்றையும் இவ்வடுக்குகளின் நடுவே புதைத்துவிடலாம்.

அப்பத்தாவின் தொழுவத்தில் இப்பொழுது ஒரு கிடாரி நிற்கின்றது. பானையும் புதியது. விடுமுறைக்குச் செல்லும்போதெல்லாம் அதனைத் தேய்த்துக் கவிழ்ப்பது என் வேலை. பண்டிகைச் சோறு எவ்வளவு மிஞ்சினும், இரண்டு கைப்பிடிக்கு மேல் அதனுட் செல்ல அப்பத்தா விடுவதில்லை.