பெட்டையின் முதுகில் காயமா? சேவலின் நகத்தைப் பாருங்கள்

நாட்டுக்கோழிப் பெட்டைகளின் முதுகிலும் இறக்கையின் அடியிலும் இறகு உதிர்ந்து தோல் சிவந்திருந்தால், பேன் அல்லது சத்துக்குறைவு என்றே பலரும் நினைக்கிறோம். மருந்து வாங்கும் முன் சேவலின் காலைத் தூக்கிப் பாருங்கள். மிதிக்கும்போது சேவல் தன் எடை முழுவதையும் பெட்டையின் முதுகில் ஊன்றுகிறது. நகம் நீண்டு கூராக இருந்தால் விலாப்பக்கம் கிழிந்துவிடும். இறகு மறைப்பதால், ஈ மொய்த்துப் புழு வைத்த பிறகே அது கண்ணில் படும்.

மேயும் கோழி மண்ணைக் கிளறியே நகத்தைத் தேய்த்துக்கொள்ளும். கூண்டிலும் ஆழ்கூளத்திலும் அடைத்து வளர்ப்பவற்றுக்கு அந்த வாய்ப்பு குறைவு.

நகம் வெட்ட ஏற்ற நேரம் இருட்டிய பின்தான். அடைந்த சேவல் முரண்டு பிடிக்காது. தலையைப் பழைய துண்டால் மூடி ஒருவர் மடியில் வைத்துக்கொள்ள, இன்னொருவர் வெட்டலாம். நெஞ்சை மட்டும் இறுக்காதீர்கள். பறவைகளுக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. இறுக்கினால் கைக்குள்ளேயே உயிர் போய்விடும்.

நகத்தின் உள்ளே ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெளிர் நகத்தில் டார்ச் அடித்தால் அது இளஞ்சிவப்பாகத் தெரியும். அதற்கு 2, 3 மி.மீ. முன்பே நிறுத்திவிடுங்கள். கடக்நாத் போன்ற கருங்கால் கோழிகளில் எதுவும் தெரியாது. அங்கே கொஞ்சம் கொஞ்சமாக, நுனியை மட்டும் சீவ வேண்டும். வெட்டிய இடத்தின் நடுவில் ஈரப்பசையுள்ள புள்ளி தென்பட்டால் அதற்கு மேல் போகாதீர்கள். முதன்முறை நான் ஒரே வெட்டில் முடிக்கப் பார்த்தேன், துண்டெல்லாம் ரத்தம். அதிகம் வளர்ந்த நகத்தை ஒரே நாளில் சரிசெய்ய வேண்டியதில்லை. சில வாரங்கள் இடைவெளி விட்டு நுனியைக் குறைத்துவந்தால் உள்ளிருக்கும் ரத்தக்குழாயும் பின்வாங்கும்.

ரத்தம் வந்துவிட்டால் சோளமாவையோ மைதாவையோ நுனியில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்ற பிறகும் அன்றிரவு பஞ்சாரத்தில் தனியாகக் கவிழ்த்து வையுங்கள். சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்தத் தொடங்கும். அழுத்தியும் நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

காலின் பின்புற முள்ளை நகம் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். அதன் உள்ளே எலும்பு இருக்கிறது. நுனியை அரத்தால் ராவி மழுக்கினால் போதும். கால் செதில்கள் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு பூத்ததுபோல் இருந்தால் அது உண்ணிச் சொறி. அதற்கு வைத்தியம் வேறு.

காயம்பட்ட பெட்டையை ஆறும்வரை சேவலிடமிருந்து பிரித்து வையுங்கள். 8 முதல் 10 பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். கொட்டிலில் சொரசொரப்பான கல் பலகை ஒன்றைப் போட்டு, தினமும் அதன்மேல் ஒரு கைப்பிடி கம்பு தூவுங்கள். கிளறும்போதே பாதி நகம் தேய்ந்துவிடும். உங்களுக்கும் வேலை குறையும்.