மிதித்தால் விளையாட்டு

தேவதைக் கதைகள் எழுதிய ஆண்டர்சன் 1805-இல் பிறந்த ஊர், டென்மார்க்கின் ஒடென்சே. இப்போது அங்கே ரோபோக்களைப் பற்றித்தான் பேச்சு.

அவ்வூரின் தெற்கு டென்மார்க் பல்கலைக்கழகத்தில், 2000-களின் நடுவில், பேராசிரியர் ஹென்ரிக் ஹவுடாப் லுண்ட் குழுவினர் விளையாட்டைத் தரையிலேயே விரித்தார்கள். சென்சாரும் விளக்கும் பதித்த டைல்ஸ். மிதித்தால் வெளிச்சம் மாறும். பாண்டி ஆட்டக் கட்டத்துக்குக் கரண்ட் கொடுத்த மாதிரி!

இப்படி ஓர் ஆட்டத்தில், எந்த நிறத்துக்கு எங்கே குதிப்பது என்று விதி வகுப்பவர்தான் கேம் டிசைனர். அதைக் கணினிக்குப் புரியவைப்பவர் புரோகிராமர். வீடியோ கேம் என்றால் ஓவியர், ஒலியமைப்பாளர், கதாசிரியர் என்று கூட்டம் பெருகும்.

கேம் டெஸ்டர்? நாள் முழுக்க ஜாலியாக ஆடுபவர் என்று நினைக்க வேண்டாம். ஆட்டத்தில் வரும் ஒரே சுவரில் நூறு முறை மோதி, எங்கே ஓட்டை என்று எழுதித் தருபவர் அவர்.