டேங்க்குக்குள் ஒளிந்திருக்கும் பெட்ரோல்

நத்தத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார். யமஹா ஆர்15 வைத்திருக்கிறார். ஊருக்குள்ளும் சுற்றுப்பட்ட கிராமங்களுக்கும் ஓட்டினால் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கிடைக்கிறதாம். மதுரைக்கு நான்கு வழிச்சாலையில் போய் வந்தால் 35-ஐத் தாண்டுவதில்லையாம். “நெரிசலே இல்லாத ரோடு. மைலேஜ் கூடத்தானே வேண்டும்? பங்க்கில் ஏமாற்றுகிறார்களா, வண்டியில் கோளாறா?” என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசியில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அப்பாவின் பழைய ஸ்பிளெண்டர் ஒருநாள் பெட்ரோல் தீர்ந்து வழியில் நின்றபோது, டீக்கடைப் பெரியவர் ஒருவர் வந்து வண்டியைத் தரையோடு தரையாகச் சாய்த்து, ஒரு நிமிடம் பிடித்திருந்து, நிமிர்த்தி உதைக்கச் சொன்னாராம். வண்டி பங்க் வரைக்கும் ஓடியதாம். இல்லாத பெட்ரோல் எங்கிருந்து வந்தது?

எனக்கு இரண்டாவது கேள்விதான் அதிகம் பிடித்திருக்கிறது. ஆனாலும் முதல் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அங்கே போக முடியாது.

பங்க்காரர் மேலும் பழியில்லை, வண்டி மேலும் பழியில்லை. பெட்ரோலைக் குடிப்பது காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அறுபதில் போகிற வண்டியை நூறுக்கு முறுக்கினால் எதிர்ப்பு ஏறக்குறைய 2.8 மடங்கு. அந்த எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டு போக எஞ்சின் தரவேண்டிய சக்தியோ நாலரை மடங்குக்கும் மேல். மோட்டார் சைக்கிள் காரைவிடச் சின்னதாக இருக்கலாம், காற்றைக் கிழிப்பதில் காரைவிட மோசம். ஆர்15-இன் முன்னால் இருக்கிற அந்த ஃபேரிங் அழகுக்காக வைத்ததல்ல. ஆனால் அது ஓட்டுகிறவர் டேங்க்கோடு குனிந்து படுத்திருக்கிறார் என்று கணக்கிட்டுச் செய்தது. முதுகில் பையோடு, பின்னால் நண்பனை ஏற்றிக்கொண்டு, சட்டை படபடக்க நிமிர்ந்து உட்கார்ந்து போனால் பாதிப் பயன் போய்விடும். போதாக்குறைக்கு அந்த எஞ்சின் 7,400 சுற்றைத் தொட்டதும் வால்வை இன்னும் அதிகமாகத் திறக்கும் வேறொரு கேமுக்கு மாறிக்கொள்ளும். சக்தி கிடைக்கும், அதற்கான பெட்ரோலும் செலவாகும். நத்தம் ரோட்டில் 2023-இல் திறந்த 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலத்தில் ஏறியதும் பையன்கள் கை தானாக முறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். மைலேஜ் போவதும் அங்கேதான். மைலேஜ் போனால் பரவாயில்லை, ஆள் போகாமல் இருக்க வேண்டும்.

பந்தய வண்டிக்கு எதற்கு மைலேஜ் என்று சிலர் கேட்பதுண்டு. உலகத்தின் பழைய மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஒன்றான, பிரிட்டனுக்கு அருகே மேன் தீவில் நடக்கும் டி.டி. பந்தயம் 1907-இல் தொடங்கியபோது அது பாதி மைலேஜ் போட்டி. ஒற்றை சிலிண்டர் வண்டி கேலனுக்கு 90 மைல் கொடுக்க வேண்டும். நம் கணக்கில் லிட்டருக்கு 32 கிலோமீட்டர். இரட்டை சிலிண்டர் என்றால் 75 மைல். கொடுத்த பெட்ரோலுக்குள் முடிக்காதவன் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் பயனில்லை. ஒற்றை சிலிண்டர் பிரிவில் மேட்ச்லெஸ் வண்டியில் ஜெயித்த சார்லி காலியர் மணிக்குச் சராசரியாக 61 கிலோமீட்டர் வேகத்தில் போனார். 1909-இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு அதே தீவில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, அதாவது 120 கிலோமீட்டருக்கு ஒருமுறை, நின்று டேங்க்கை நிரப்பிக்கொண்டு போகிறார்கள்.

இனி, பெரியவர் சாய்த்த வண்டிக்கு வருவோம்.

பெட்ரோல் டேங்க்கை வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பெட்டி மாதிரி இருக்கும். கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தால்தான் அதன் அடிவயிற்றில் நீளமாக ஒரு குகை ஓடுவது தெரியும். வண்டியின் முதுகெலும்பான சேஸிஸ் குழாய் அந்தக் குகைக்குள் போகிறது. சிறுமலைத் தோட்டங்களில் குதிரை முதுகில் பொதி ஏற்றி இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். முதுகின் மேல் விரித்துப் போட்ட சாக்கு இரண்டு பக்கமும் தொங்குகிறதல்லவா, டேங்க்கும் அப்படித்தான் சேஸிஸ் மேல் தொங்குகிறது. மேல்பாதியில் பெட்ரோல் ஒன்றாக இருக்கும். அளவு குறைந்து மேட்டுக்குக் கீழே இறங்கியதும் இடம் வலமாக இரண்டு குட்டையாகப் பிரிந்துவிடும். பெட்ரோல் திறக்கும் டேப் ஒரே பக்கத்தில்தான் இருக்கிறது, பெரும்பாலும் இடதுபக்கம். இடது குட்டை வற்றியதும் வண்டி நிற்கிறது. வலது குட்டையில் இருப்பதற்கு மேட்டைத் தாண்டி வர வழியில்லை. பெரியவர் வண்டியை இடதுபக்கம் சாய்த்ததும் அது மேடேறி இந்தப் பக்கம் வந்து விழுந்தது. மந்திரம் ஒன்றும் இல்லை, மகனுக்குத் தெரியாமல் அப்பா சேர்த்துவைத்த பெட்ரோலும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நின்ற வண்டியைச் சாய்த்தால் பெட்ரோல் பக்கம் மாறுகிறது. அப்படியானால் கொண்டை ஊசி வளைவில் வண்டி படுத்துத் திரும்பும்போதும் மாற வேண்டுமே? மாறாது. வளைவில் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது, வளைவு வெளியே தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்த இழுப்பு எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசைக்குச் சரியாகத்தான் வண்டி சாய்ந்திருக்கிறது. இல்லாவிட்டால் விழுந்துவிடுமே. ஆகவே ஓட்டுகிறவருக்கும் டேங்க்கில் இருக்கும் பெட்ரோலுக்கும் வண்டி நிமிர்ந்தே இருப்பதாகத்தான் தோன்றும். பிரேக் பிடித்தால் மட்டும் பெட்ரோல் முன்னால் ஓடும், முறுக்கினால் பின்னால் ஓடும்.

கார்புரேட்டர் வண்டிகளில் ரிசர்வ் என்பது தனி டேங்க் இல்லை. டேப்புக்குள் இரண்டு குழாய்கள், ஒன்று உயரம், ஒன்று குட்டை. உயரமான குழாய் வற்றினால் வண்டி இருமும், கையை இறக்கி டேப்பைத் திருப்பினால் குட்டைக் குழாய் வேலை செய்யத் தொடங்கும். அந்த இருமல் எச்சரிக்கையை யாரும் அலட்சியம் செய்ய முடியாது. பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்ததும் அந்த டேப் போய்விட்டது. டேங்க்குக்குள்ளேயே மின்சார பம்ப் மூழ்கிக் கிடக்கிறது. மீட்டரில் ஒரு கோடு, ஒரு விளக்கு, அவ்வளவுதான். அந்தக் கோடுகளும் ஒரே நிதானத்தில் இறங்குவதில்லை. டேங்க் மேலே அகலம், கீழே ஒடுக்கம். முதல் இரண்டு கோடு நாள்கணக்கில் நிற்கும், கடைசி இரண்டு கோடு ஒரே ஓட்டத்தில் காணாமல் போகும்.

விளக்கு எரிந்த பிறகும் வாரக்கணக்கில் நூறு ரூபாய்க்கு, ஐம்பது ரூபாய்க்கு என்று போட்டு ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூழ்கியிருக்கும் பம்ப்பைக் குளிரவைப்பது பெட்ரோல்தான். அடியில் கொஞ்சம் மட்டும் வைத்துக்கொண்டே ஓட்டினால் பம்ப் சூடாகும், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் காற்றையும் சேர்த்து உறிஞ்சும், அடியில் தங்கிய தூசி முழுக்க அதன் வாயில்தான் போகும். ஸ்போர்ட்ஸ் வண்டிக்குப் பம்ப் மாற்றும் செலவில் எத்தனையோ தடவை டேங்க்கை நிரப்பலாம். பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டிலில் தொங்குகிற பெட்ரோலை நம்பிக் கிளம்புவது இன்னும் மோசம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. வெயிலில் நாள் முழுக்கத் தொங்கும் அந்த பாட்டிலுக்குப் பக்கத்திலேயே பீடி பற்றவைக்கக் கயிற்றில் நெருப்பு தொங்கும் கடைகளும் உண்டு.

மலையிறக்கத்தில் நியூட்ரலில் போட்டு உருட்டிக்கொண்டு வந்தால் பெட்ரோல் மிச்சம் என்று நம் ஊர்க்காரர்கள் பரம்பரையாக நம்புகிறார்கள். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவிலும் அப்படி இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கணக்கு தலைகீழ். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டால், கம்ப்யூட்டர் பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது, செலவு பூஜ்யம். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்கக் கொஞ்சம் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். எஞ்சின் பிடிமானமும் இல்லாமல் பிரேக் மட்டும் சூடேறும்.

பங்க்கில் அளவு குறைகிறதோ என்ற சந்தேகத்துக்கு மருந்து உண்டு. ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரை குத்திய ஐந்து லிட்டர் அளவுக் கேன் இருக்க வேண்டும். அளந்து காட்டச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது, சண்டை போடாமல் கேட்டால் போதும். ஆனால் அதற்கு முன் உங்கள் அளவை முறையைப் பாருங்கள். ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. ஒருமுறை சைடு ஸ்டாண்டில் சாய்த்து ஃபுல் போட்டு, அடுத்த முறை நிமிர்த்திப் பிடித்து ஃபுல் போட்டால் இரண்டும் ஒரே ஃபுல் ஆகாது. சாய்ந்த டேங்க்கில் ஒரு மூலையில் காற்று நின்றுவிடும். எப்போதும் ஒரே மாதிரி நிறுத்தி, துப்பாக்கி தானாக நின்றதும் விட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள். வாய்வரை தளும்பத் தளும்பப் போடச் சொல்ல வேண்டாம். பத்து டிகிரி சூடு ஏறினால் பெட்ரோல் நூற்றுக்கு ஒரு பங்கு விரியும். சித்திரை வெயிலில் அது போக இடம் வேண்டும். பிஎஸ்6 வண்டிகளில் ஆவியைப் பிடிக்கும் கரிப்பெட்டி ஒன்று இருக்கிறது, அதற்குள் பெட்ரோலே போனால் அது கெட்டுவிடும்.

எத்தனால் பற்றியும் கேட்பார்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பழைய இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. 45 என்பது 43 ஆகலாம். 35 ஆவதற்கு எத்தனால் காரணமில்லை.

நத்தத்து வாசகருக்குக் கணக்கைப் போட்டுத் தந்துவிடுகிறேன். உங்கள் டேங்க் 11 லிட்டர். இரண்டு லிட்டரை இல்லையென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் கிடைக்கும் 45-ஐ மறந்துவிட்டு, ரோட்டில் கிடைக்கும் 35-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது முப்பத்தைந்து 315 கிலோமீட்டர். அதுதான் உங்கள் எல்லை. மணிக்கட்டில் உடம்பைத் தாங்கி ஓட்டுகிற வண்டியில் அதற்குள் இரண்டு முறையாவது டீ குடிக்க இறங்கத்தான் போகிறீர்கள். சென்னைக்குப் போவதானால் நத்தத்தில் ஃபுல் போட்டுத் துவரங்குறிச்சி, திருச்சி வழியாகப் போய் உளுந்தூர்பேட்டையில் ஒருமுறை நிரப்பினால் போதும், ஏறத்தாழ பாதி வழி. சிறுமலை, கொடைக்கானல் என்று மலை ஏறுவதானால், மீட்டரில் எத்தனை கோடு இருந்தாலும் அடிவாரத்திலேயே நிரப்பிவிடுங்கள். நான்கு வழிச்சாலையில் ஒருமுறை எழுபதில் போய்ப் பார்த்து, கிடைத்த மைலேஜை எனக்கு எழுதுங்கள்.