சாம்பல் கலரில் 6 எம்.எல்.ஏ.க்கள்: சட்டசபை படத்தை எப்படி பார்ப்பது?

புதுச்சேரி,

சட்டசபையில் யார் எந்தப் பக்கம் என்று காட்ட கலர் கலராக புள்ளி வைத்த படம் டி.வி.யிலும் செல்போனிலும் வருகிறது. பெரிய கட்சிகளில் குழப்பம் இல்லை. சின்ன கட்சி, சுயேச்சை என்று வந்தால்தான் சிக்கல்.

தேர்தல் கமிஷன் கட்சிக்கு சின்னம்தான் ஒதுக்கும். கலர் ஒதுக்காது. அது படம் போடுபவர் இஷ்டம். ஜக்கு சின்னத்து என்.ஆர்.காங்கிரஸ் நம்ம ஊரில் பெரிய கட்சி. டெல்லிக்கணக்கில் பார்த்தால் அது 'மற்றவை'யில் விழுந்துவிடும்!

2021 தேர்தலில் என்.ஆர்.காங்கிரஸ் 10, பா.ஜனதா 6, தி.மு.க. 6, காங்கிரஸ் 2, சுயேச்சைகள் 6 இடங்களில் ஜெயித்தனர். வில்லியனூர், பாகூர் இரண்டும் தி.மு.க.வுக்கு போனது. திருபுவனையில் சுயேச்சை அங்காளன் வென்றார். சுயேச்சைகள் 6 பேரையும் ஒரே சாம்பல் கலரில் போட்டால், தி.மு.க. அளவுக்கு இன்னொரு கட்சி இருப்பது மாதிரி தெரியும். ஆனால் அவர்களில் அங்காளன், உழவர்கரை சிவசங்கர், ஏனாம் கொல்லப்பள்ளி சீனிவாஸ் அசோக் ஆகிய 3 பேர் அந்த மே மாதமே பா.ஜனதாவுக்கு ஆதரவு கொடுத்துவிட்டனர்.

அப்போ காவி அடித்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். முடியாது. சுயேச்சையாக ஜெயித்தவர் பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தால், கட்சித்தாவல் தடை சட்டப்படி பதவி போய்விடும். ஆதரிக்கலாம், சேரக்கூடாது. சாம்பல் புள்ளியைச் சுற்றி காவி வளையம் போட்டால் ஓரளவு சரியாக இருக்கும். கட்சிக்காரர் கொறடா உத்தரவை மீறினால் பதவிக்கு ஆபத்து. சுயேச்சைக்கு கொறடாவே கிடையாது. ஆகவே ஓட்டெடுப்பு என்றால் முதலில் கவனிக்க வேண்டியது இந்த புள்ளிகளைத்தான்.

இன்னொரு விஷயம், நியமன எம்.எல்.ஏ.க்கள் 3 பேர். இவர்களை நியமிப்பது மத்திய அரசு. நாம ஓட்டு போட்டு அனுப்புவது 30 பேர், சபையில் உட்காருவது 33 பேர். நியமன எம்.எல்.ஏ.க்களும் ஓட்டு போடலாம் என்று 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது.

இதன் வலி 2021 பிப்ரவரி 22-ந்தேதி தெரிந்தது. நாராயணசாமி அரசு நம்பிக்கை கோரிய நாள் அது. ராஜினாமாக்கள் போக, ஆளும் தரப்பில் சபாநாயகரையும் சேர்த்து 12 பேர். எதிரில் என்.ஆர்.காங்கிரஸ் 7, அ.தி.மு.க. 4. மக்கள் தேர்ந்தெடுத்தவர்களை மட்டும் எண்ணினால் 12-க்கு 11. பா.ஜனதா நியமன எம்.எல்.ஏ.க்கள் 3 பேரையும் சேர்த்தால் எதிர் வரிசை 14. ஓட்டெடுப்புக்கு முன்பே வெளிநடப்பு செய்த நாராயணசாமி, நேராக கவர்னர் மாளிகைக்கு போய் ராஜினாமா கடிதத்தை கொடுத்தார்.