ஊடகப் படிப்பு: போட்ட காசு திரும்புமா?

இன்டர் முடித்த பிள்ளை “ஜர்னலிசம் படிக்கிறேன்” என்று சொன்னால், சித்தூர், நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழ் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, “படிச்சா என்ன சம்பளம் வரும்?” என்பதுதான். பி.டெக். என்றால் யாரும் இப்படிக் கேட்பதில்லை. அங்கேயும் கேட்க வேண்டிய கேள்வி என்பது வேறு விஷயம்.

முதலில் செலவுக் கணக்கு. திருப்பதியில் 1983-இல் பெண்களுக்காகவே தொடங்கப்பட்ட ஸ்ரீ பத்மாவதி மகிளா பல்கலைக்கழகத்தில் தொடர்பியல், இதழியல் துறை இருக்கிறது. இதுபோன்ற அரசுப் பல்கலைக்கழகங்களில், இளங்கலைக்குப் பிறகு சேரும் எம்.ஏ. படிப்பின் கட்டணம் ஆயிரங்களில் அடங்கிவிடும். தனியாருக்குப் போனால் பேச்சே லட்சத்தில்தான். ‘ஃபீஸ் ரீஇம்பர்ஸ்மென்ட் வரும்’ என்ற நம்பிக்கையில் சேருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2020 டிசம்பரில் ஆந்திர அரசு பிறப்பித்த 77-ஆம் எண் அரசாணை, தனியார் கல்லூரி முதுகலை மாணவர்களுக்கு அந்த உதவியை நிறுத்தியது. நடப்பு விதி என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கட்டுவது நல்லது.

அரசு நிறுவனம் என்றாலே மலிவு என்றும் சொல்லிவிட முடியாது. டெல்லியில் மத்திய அரசு நடத்தும் இதழியல் நிறுவனமான ஐஐஎம்சி-யில் வானொலி, தொலைக்காட்சி இதழியல் டிப்ளமோவுக்கு 2019-இல் 1,68,500 ரூபாய் கட்டணம். அந்த டிசம்பரில் கட்டண உயர்வை எதிர்த்து மாணவர்கள் வளாகத்திலேயே உட்கார்ந்து போராடினார்கள்.

கடன் வாங்கினால் என்ன ஆகும்? நான்கு லட்சம், 10 சதவீத வட்டி, ஏழு ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 6,640 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் ஐந்தரை லட்சத்தைத் தாண்டியிருக்கும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. ஹைதராபாத்திலோ சென்னையிலோ சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்புக்குத் தங்கும் ஹாஸ்டல் வாடகையும் சேரவில்லை.

வரவுப் பக்கம் சிக்கலானது. தெலுங்கு நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களை நிரப்புகிறவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள் அல்லர். மண்டலத்துக்கு ஒருவர் என்று இருக்கும் பகுதிநேரச் செய்தியாளர்கள். இவர்களுக்குக் கிடைப்பது ‘லைன் அக்கவுண்ட்’, அதாவது அச்சான செய்தியின் நீளத்துக்கு ஏற்ற கூலி. ஒரு மாதம் வெளிவந்த செய்திகளை வெட்டி, ஒட்டி, அளந்து கணக்கு அனுப்புவார்கள். ஆசிரியர் மேசையில் பாதி வெட்டுப்பட்டால் கூலியும் பாதிதான். அதனால் பலருக்கு உண்மையான வரும்படி விளம்பரக் கமிஷன்தான். இன்னும் பலர் எல்.ஐ.சி. ஏஜென்டாகவோ கடைக்காரராகவோ இருந்துகொண்டே செய்தியும் எழுதுகிறார்கள். இந்த வேலைக்கு யாரும் எம்.ஏ. சான்றிதழ் கேட்பதில்லை.

பத்திரிகை ஊழியர்களுக்கென மஜீதியா சம்பளக் குழு அமைந்ததே என்று கேட்கலாம். 2011-இல் அரசு ஏற்ற அதன் பரிந்துரையை 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனால் அது பத்திரிகைகளுக்கும் செய்தி முகமைகளுக்கும் மட்டுமே பொருந்தியது. தொலைக்காட்சியும் இணையமும் அந்த வளையத்துக்கு வெளியே இருந்தன.

பட்டம் கட்டாயமாகத் தேவைப்படும் இடங்களும் உண்டு. யுபிஎஸ்சி ஆள் எடுக்கும் இந்தியத் தகவல் பணியின் சீனியர் கிரேடுக்கு இதழியல் படிப்பு வேண்டும். ஏழாவது ஊதியக் குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900. நெட் தேறி உதவிப் பேராசிரியரானால் 57,700. ஆனால் இடங்கள் சொற்பம். இந்த இரண்டில் ஒன்றைக் குறிவைக்காதவர்கள் வேறு பட்டத்தோடும் உள்ளே வரலாம். ஈநாடு இதழியல் பள்ளி பட்டதாரிகளைத் தேர்வு வைத்து எடுத்து, உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுகிறது. கல்லூரியில் படித்துக்கொண்டே எழுத, சென்னையில் விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் இருக்கிறது.

திருப்பதிக்கென்று ஒரு தனிக் கணக்கும் உண்டு. தேவஸ்தானத்தின் எஸ்விபிசி சேனல் 2008-இல் தொடங்கியது. தமிழ்ச் சேனல் 2017-இல் வந்தது. கன்னடமும் இந்தியும் 2021-இல் சேர்ந்தன. தேவஸ்தானம் வெளியிடும் சப்தகிரி மாத இதழ் தமிழ் உட்படப் பல மொழிகளில் வருகிறது. திருமலையில் ஒலிபெருக்கி அறிவிப்புகூடத் தமிழிலும் வருகிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று வளர்ந்த பிள்ளைக்கு இங்கே உள்ள மதிப்பு எந்தக் கல்லூரியும் விற்க முடியாத சரக்கு. அதற்குக் கட்டணமும் இல்லை. பேச மட்டும் தெரிந்தால் போதாது, இரண்டு மொழியிலும் பிழையில்லாமல் எழுத வர வேண்டும். பல வீடுகளில் தமிழ் பேச்சோடு நின்றுவிடுவதுதான் கவலை.

சேரும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள், வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளத்தைத் தங்கள் இணையதளத்தில் வெளியிடுகின்றன. அது துறைவாரியான எண் அல்ல, வேலை கிடைக்காதவர்களும் அதில் இல்லை. ஆகவே இதழியல் துறையில் போன ஆண்டு எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்று துறைத் தலைவரிடமே கேளுங்கள். அவர்களில் ஒருவரையாவது தேடிப் பிடித்து முதல் மாதச் சம்பளம் எவ்வளவு என்று விசாரியுங்கள். கடன் தவணை அந்தச் சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டினால் அங்கே சேர வேண்டாம். மாதம் 6,640 ரூபாய் தவணை கட்ட, குறைந்தது 26,560 ரூபாய் சம்பளம் வேண்டும்.