விடைக்கோழியின் எலும்பு உண்டியல்

மேற்கே கேரள எல்லை மலைகள், கிழக்கே மேகமலை, நடுவே முல்லைப் பெரியாறு பாயும் கம்பம் பள்ளத்தாக்கு. இங்கே ஒரு வீட்டு முற்றத்தைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். தோட்டத்தைக் கிளறுகிறது என்று ஒரு விடைக்கோழியைக் கூண்டில் அடைத்திருக்கிறார்கள். விடைக்கோழி என்பது முட்டையிடும் பருவத்தை நெருங்கிய இளம் பெட்டை. அதற்குத் தீனியில் குறை இல்லை. காலையில் மக்காச்சோளம், மாலையில் சோளம். கொண்டை சிவந்தது, கேறியது, முட்டையும் இட்டது. ஆனால் சில முட்டைகளுக்குப் பின் வந்ததோ தோல்முட்டை! பிறகு கோழி நொண்டத் தொடங்கியது.

வயிறு நிறையத் தின்ற கோழிக்கு ஏன் இந்த நிலை?

ஒரு சிறு கணக்கு

முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. நாட்டுக்கோழி முட்டை ஒன்றின் ஓட்டில் சுமார் 1.5 கிராம் கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து இருக்கும். 100 கிராம் மக்காச்சோளத்தில் இருப்பதோ 0.03 கிராம்கூட இல்லை. நாளுக்கு 100 கிராம் தின்றாலும் ஓர் ஓட்டுக்கு வேண்டிய கால்சியம் சேர 50 நாள் ஆகும்! கேழ்வரகில் இதைப்போல் பத்து மடங்குக்கு மேல் உண்டு. ஆனால் அதுவும் போதாது.

வெளியே மேயும் கோழி நத்தை ஓடு, பூச்சி, சுண்ணாம்புக் கல் துணுக்கு என்று தானே தேடிக் கொள்ளும். கூண்டுக் கோழி எங்கே போகும்? தன் எலும்பையே கரைத்து ஓடு செய்யும். அதனால்தான் கால் தளர்கிறது.

எலும்புக்குள் சேமிப்பு

முட்டைக்கு ஓடு உருவாகச் சுமார் 20 மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி இரவு. அப்போது கோழி தின்பதில்லை. இந்த நேரத்துக்கென்று இயற்கை ஓர் உண்டியல் வைத்திருக்கிறது. முதல் முட்டைக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு, ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனின் தூண்டுதலால், தொடை எலும்பு போன்றவற்றின் உட்குழிவில் ஒரு தனி வகை எலும்பு வளர்கிறது. இரவில் கரைந்து ஓட்டுக்குக் கால்சியம் தருவதும், தீனி கிடைத்ததும் மறுபடி நிரம்புவதும் இதன் வேலை.

2005ஆம் ஆண்டு மேரி ஷ்வைட்சர் என்னும் அமெரிக்க விஞ்ஞானியும் அவர் குழுவினரும், 6 கோடியே 80 லட்சம் ஆண்டு பழைமையான டைரனோசாரஸ் தொடை எலும்பில் இதே போன்ற திசுவைக் கண்டதாக அறிவித்தார்கள். உங்கள் வீட்டுக் கோழியின் உண்டியலுக்கு எவ்வளவு நீண்ட வரலாறு, பார்த்தீர்களா?

முந்தினாலும் தவறு

அப்படியானால் குஞ்சுப் பருவத்திலிருந்தே நிறையக் கால்சியம் கொடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். கூடாது! முட்டையிடும் கோழிக்கான தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் வரை கால்சியம் இருக்கும். வளரும் கோழிக்குச் சுமார் 1 சதவீதமே போதும். மிஞ்சியதைச் சிறுநீரகங்கள் வெளியேற்ற வேண்டும். நாள்கணக்கில் இப்படி நடந்தால் அவை பழுதடையும். கோழி செத்தும் போகலாம்.

ஆகவே வளரும் பருவத்தில் தசையும் எலும்பும் இறகும் வளரப் புரதம் முக்கியம். தானியத்தோடு கறையான், பூஞ்சணம் பிடிக்காத கடலைப் பிண்ணாக்கு, கீரை ஆகியவை கொடுக்கலாம். கொண்டை சிவந்து, கோழி இடம் தேடிக் கேறத் தொடங்கியதும் கால்சியத்தைக் கூட்ட வேண்டும். பண்ணைக் கோழிக்கு இந்தப் பருவம் சுமார் 17, 18 வாரத்தில் வரும். நாட்டுக் கோழிக்கு இன்னும் தாமதமாகும்.

எப்படிக் கொடுப்பது? கிளிஞ்சலை இடித்து, தீனியில் கலக்காமல் தனிச் சட்டியில் வையுங்கள். தேவைப்படும் கோழி தேவையான அளவு கொத்திக் கொள்ளும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை மட்டும் வைத்துவிடாதீர்கள். அது வாயையும் குடலையும் புண்ணாக்கும். கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். அதற்கு வெயில் உதவும். எனவே கூண்டுக் கோழியையும் தினமும் சற்று நேரம் வெளியே விடுங்கள். நொண்டும் கோழியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தேனியில் 2020இல் கால்நடை மருத்துவக் கல்லூரியே தொடங்கப்பட்டிருக்கிறது.

செய்து பாருங்கள்

சமைத்துத் தின்ற கோழியின் தொடை எலும்பு ஒன்றைக் கழுவி, வினிகரில் ஒரு வாரம் ஊற வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றுங்கள். பிறகு எலும்பை மெல்ல வளைத்துப் பாருங்கள். ரப்பர் போல வளையும். கால்சியத்தை அமிலம் கரைத்துவிட்டது. கால்சியம் இழந்த எலும்பு கோழியைத் தாங்குமா என்று இப்போது நீங்களே சொல்லுங்கள்.